சன்னலுக்கு அப்பால் ஒரு பிடில்

பழைய மாணவிகள் கூடும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருத்தி என் தோளைத் தட்டிக் கேட்கிறீர்கள்: "ஏனுங்க, அன்னிக்கு மேடையில பியானோ வாசிக்கறப்ப நடுவுல மறந்துபோட்டு ஒக்காந்திருந்தீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?" கேட்டுவிட்டுச் சிரிப்பு வேறு. பேரன் பேத்தி எடுத்தவர்கள், பல் கட்டிக்கொண்டவர்கள், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள். வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்பது நினைவில்லை, இது மட்டும் நேற்று நடந்ததுபோல இருக்கிறது. நான் மறக்கவில்லை என்று சொன்னால் நம்புவதும் இல்லை. போன கூட்டத்தில் காபி ஆறிப் போகும்வரை சொல்லிப் பார்த்தேன், பாதியில் யாரோ மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டாவது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பாவுக்குச் சிங்காநல்லூர்ப் பக்கம் தோட்டமும், பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கிற ஃபாக்டரி ஒன்றும் இருந்தன. குன்னூரில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். அப்பா போனது இரும்புப் பெட்டி வாங்க. அதை வேறொரு மில்காரர் எடுத்துவிட்டார். அத்தனை பேர் நடுவில் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், அடுத்து வந்ததற்குக் கையைத் தூக்கிவிட்டார். அடுத்து வந்தது பியானோ. மேட்டுப்பாளையம்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

முன்பக்கம் மெழுகுவத்தி வைக்க இரண்டு பித்தளைக் கைகள் இருந்தன. அம்மா அவற்றில் ஊதுபத்தி செருகினாள். எறும்பும் கரையானும் ஏறாமல் இருக்க, அடியில் நாலு கல் கிண்ணம் வைத்து அதில் தண்ணீர் ஊற்றினார்கள். மூடியைத் திறந்தால் பழைய கம்பளியும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை வரும். சுழல்கிற முக்காலியில் என் அண்ணன்கள் சுற்றிச் சுற்றி, ஒருவன் வாந்தியே எடுத்தான். பின்னாளில் கல் கிண்ணம் வற்றிப்போனதை யாரும் கவனிக்காமல் கரையான் முழுக்கத் தின்றுவிட்டது. பித்தளைக் கைகள் மட்டும் கொஞ்ச நாள் கிடந்தன. அவையும் எங்கே போயினவோ.

பியானோ வந்தால் வாசிக்க ஆள் வேண்டுமே. அண்ணன்கள் தப்பித்துக்கொண்டார்கள், நான் அகப்பட்டேன். போத்தனூர் ரயில்வே காலனியிலிருந்து ஒரு ரயில் கார்டின் மனைவி வந்து சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. சட்டைக்காரப் பெண்மணி, ஆங்கிலோ இந்தியர். நம் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான், உங்களுக்கு நினைவிருக்கும். உக்கடம் குளத்து மேட்டு வழியாக ஜட்காவில் வருவார், தொப்பியெல்லாம் புழுதியாக இருக்கும். அப்பா அவரைத் துரைசானி அம்மா என்பார். அவர் அப்பாவை மிஸ்டர் என்பார்.

அப்பாவுக்குச் சங்கீதத்தைப் பற்றி ஒரு கொள்கை இருந்தது. ஆர்மோனியம் நாடகக்காரன் காலடியில் கிடக்கிற வாத்தியம், பியானோ அப்படியல்ல, அது ராஜா. "ஒருத்தர் தொணை வேணுமா, மத்தளம் வேணுமா, சுருதிப் பெட்டி வேணுமா? ஒண்ணும் வேண்டாமுங்க. என்ற புள்ள தனியா ஒக்காந்து வாசிப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். நான் உட்கார்ந்து வாசிப்பேன்.

எப்படி வாசித்தேன் என்று கேளுங்கள். ஒரு கட்டை பிசகினால் உடனே நிறுத்துவேன். அந்த இடத்தைத் திருத்தி வாசிப்பேன். பிறகு முதலிலிருந்து தொடங்குவேன். கடினமான இடம் வந்தால் மெதுவாகப் போவேன், தெரிந்த இடம் வந்தால் ஓடுவேன். கேட்க ஆளில்லை, துரத்த ஆளில்லை. அப்பாவின் நண்பர்களுக்கு அது எதுவும் தெரியாது. கார்டு வீட்டம்மாவுக்குத் தெரியும். அவர் நெற்றியில் கை வைத்துக்கொள்வார்.

"நிக்காதே கேர்ள். தப்பு வந்தா தப்போட போ. டேஷன் இல்லாத எடத்துல வண்டிய நிறுத்தினா பின்னால வர்ற வண்டி மோதும்."

"பின்னால வண்டியே இல்லீங்களே" என்றேன் ஒருநாள்.

"அதான் வியாதி" என்றார். அடுத்த வாரம் ஜட்காவில் இன்னொரு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அவளை உங்களுக்குத் தெரியும். விடுதியில் இருந்தவள், நம் வகுப்புதான், காலைப் பிரார்த்தனையில் பிடில் வாசிப்பவள். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, பிடிலையும் பள்ளிக்கூடத்துக்கே விட்டுப் போயிருந்தார். அவளுடைய அப்பாவும் தாத்தாவும் கொடுமுடிப் பக்கம் என் தாய்மாமன் பண்ணையத்தில் வேலை செய்தவர்கள். கிறிஸ்தவர்களான பிறகு, அவள் அப்பா ரயில்பாதையில் கூலி வேலைக்குப் போத்தனூர் வந்துவிட்டார். இந்த விவரமெல்லாம் அவள் ஜட்காவிலிருந்து இறங்குவதற்குள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படித் தெரிகிறதோ, இந்த ஒரு சங்கதிக்குத் தந்தியே வேண்டாம்.

"பிடில் கூட வாசிச்சாத்தான் இவ உருப்படுவா, மிஸ்டர்" என்றார் கார்டு வீட்டம்மா.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். முடிவை அவர் சொன்ன தோரணை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஊருக்கே பெரிய உபகாரம் செய்கிற முகம். "நானென்ன பழைய காலத்து ஆளுங்களா? புள்ள தாராளமா வாசிக்கட்டும். கொல்லைப்பக்கமா வந்து, சன்னலுக்கு அக்கட்டால நின்னு வாசிக்கட்டும். சத்தம் உள்ள வரத்தானுங்களே போவுது?"

பியானோ இருந்த அறையின் சன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வெளியே வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கிற கல். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். அம்மா அவளுக்கு மோர் கொடுத்தாள், எங்கள் சொம்பில் அல்ல. எனக்கு அப்போது பத்து வயது. எதிர்த்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். உங்களில் யார் பத்து வயதில் அப்பாவை எதிர்த்துக் கேட்டீர்கள், சொல்லுங்கள்.

சேர்ந்து வாசிப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களால் ஒன்றாகத் தொடங்கவே முடியவில்லை. பிடில்காரர் வில்லைத் தூக்கி மூச்சை இழுப்பதைப் பார்த்துத்தான் பியானோக்காரர் கையை வைக்க வேண்டும். எனக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? நான் தொடங்கினால் அவள் பிந்துவாள். அவள் தொடங்கினால் நான் திடுக்கிட்டு எதையாவது அடிப்பேன். கார்டு வீட்டம்மா நடுவில் நின்று சன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கை ஆட்டிக் களைத்துப்போனார். பியானோவைத் திருப்பிப் போடலாமா என்று கேட்டார். இத்தனை கனத்தை நகர்த்தினால் தரை பெயரும் என்று அப்பா மறுத்துவிட்டார்.

எடுத்துக்கொண்ட பாட்டு மூன்று மூன்றாக எண்ணிப் போகிற ஒன்று. என் இடது கை கனமாக ஒரு தட்டுத் தட்டும், வலது கை இலேசாக இரண்டு தட்டும். அவ்வளவுதான் என் வேலை. பாட்டு முழுக்க அவளிடம் இருந்தது. நடுவில் நாலு கட்டத்துக்கு, மூன்று மூன்றாக நாலு தடவை எண்ணும்வரை, என் தாளில் ஒன்றுமே எழுதியிருக்காது. அங்கே நான் கையை மடியில் வைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ண வேண்டும், பிடில் தனியாகப் பேசும். எண்ணி முடித்ததும் சரியாக நான் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றும் வாசிக்காமல் இருப்பதும் வாசிப்பில் சேர்த்தி என்று யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. அந்த இடம் வந்தாலே விரல் நமநமக்கும், எதையாவது அடித்துவிடுவேன்.

"அம்மணி, என்ற எடத்துல கை வைக்காதீங்க" என்று சன்னலிலிருந்து குரல் வந்தது. அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்குச் சுருக்கென்றது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, என்னை யாரும் அப்படி நேராகத் திருத்தியதில்லை.

வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். துவைக்கிற கல்லில் குதிகாலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு வில்லைப் போட்டாள். அந்த மூன்று தட்டிலேயே எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றாகத் தொடங்கினோம். நடுவில் நான் ஒரு கட்டையைத் தவறாக அடித்தேன். பழக்கத்தில் கை நின்றது. ஆனால் வெளியே பிடில் நிற்கவில்லை. எனக்காகக் காத்திருக்கவும் இல்லை. விட்ட இடத்தை விட்டுவிட்டு, ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். கடைசிக் கட்டத்தில் இருவரும் ஒன்றாக முடித்தபோது என் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டைத் தொடங்கி முடித்திருக்கிறேன் என்று உறைத்தது.

அம்மா உள்ளே வந்து நின்றாள். "ஒரே ஒரல்ல ரெண்டு பேரு ஒலக்கை போடறாப்பலயே இருக்குது" என்றாள். "ஒருத்தி மெல்லப் போனாலும் இடிச்சுக்கும்." கார்டு வீட்டம்மாவுக்கு இது புரிந்ததோ என்னமோ, அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கோடை முழுக்க நான் அவர்கள் வருகிற வியாழக்கிழமைகளுக்காகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். மற்ற நாட்களில் தனியாகப் பயிற்சி செய்யும்போதும் காது சன்னல் பக்கமே இருந்தது. அவள் எங்கே இழுப்பாள், எங்கே மூச்சுவிடுவாள் என்று தெரிந்துவிட்டது. அவள் இழுத்தால் நானும் காத்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அது நடந்துவிடும் என்று கார்டு வீட்டம்மா சொன்னார். மேடைக்குச் சன்னல் கிடையாதே.

வினை எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்பாவுக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போனதிலிருந்து.

வியாழக்கிழமைகளில் அவர் முன்வாசல் சாய்வு நாற்காலியில் படுத்துக் கேட்பார். குளிக்கும்போது அதை முணுமுணுப்பார். அவர் கேட்ட கச்சேரிகளில் பாடுகிறவர் பாடுவார், பிடில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதையே திருப்பி வாசிப்பார். ஆகவே பாட்டு என் பியானோவில் இருக்கிறது, வெளியே நிற்கிறவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் வருகிறாள் என்று அவர் தாமாகவே முடிவு செய்திருந்தார். இது எங்களில் யாருக்கும் தெரியாது. விழாவுக்குச் சில நாள் முன்பு பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்பாடுகளைச் சொல்லக் கார்டு வீட்டம்மா வந்தபோதுதான் குட்டு உடைந்தது. பிடில் முன்னால் நிற்கும், பியானோ பின்னால் ஒதுங்கி இருக்கும் என்றார் அவர்.

"என்னங்க சொல்றீங்க?" என்றார் அப்பா. "பக்கவாத்தியம் முன்னால நிக்கறதுங்களா? கொடுமுடியிலிருந்து மச்சான் வாரார். அவரு பண்ணையத்து ஆளோட புள்ள சபை நடுவுல நிக்க, என்ற புள்ள பின்னால குந்தித் தாளம் போடறதா? ஊட்டுல என்னமோ வாசிச்சாங்க, சரி. சபையில என்ற புள்ள மட்டும் வாசிக்கட்டும். பக்கவாத்தியக்காரன் வரலீன்னா பாட்டுக்காரன் பாடாமலா போயிருவான்?"

"அப்ப வேற பாட்டு வாசிக்கட்டும், மிஸ்டர். இது ஹாஃப் சாங். வண்டியே இல்லாம தண்டவாளம் மட்டும் காட்டறது."

"அதே பாட்டுத்தானுங்க வேணும். நான் மச்சாங்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

நான் கதவோரத்தில் நின்றேன். தைரியத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு சொன்னேன். "அப்பா, பாட்டு அவகிட்ட இருக்குதுங்க. எங்கிட்ட இல்லீங்க."

அப்பா சிரித்தார். மனசு நிறைந்து சிரித்தார். "பாத்தீங்களா, எத்தனை அடக்கம்" என்று துரைசானி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அம்மா மட்டும் மெதுவாக, "ரெண்டு ஒலக்கையில ஒண்ணை எடுத்துப்போட்டா நெல்லு குத்துமுங்களா" என்றாள். சமையலறை விவகாரத்தை இங்கே கொண்டு வராதே என்று பதில் வந்தது. பள்ளிக்கூட ஹாலுக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர் அப்பா. அதனால் பள்ளிக்கூடத்துத் தலைவியான பெரிய மிஸ்ஸம்மாவும் வாய் திறக்கவில்லை. படித்தவர்கள், பாட்டுத் தெரிந்தவர்கள், வேதம் ஓதுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து பத்து வயதுப் பெண்ணை அரைப் பாட்டோடு மேடையேற்றினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விழா நாள் உங்களுக்கே தெரியும், நீங்களும் இருந்தீர்கள். முன்வரிசையில் கலெக்டர் சம்சாரம், ஜரிகைத் தலைப்பாகையோடு அப்பா, பக்கத்தில் மாமன். பின்னால் பாயில் விடுதிப் பிள்ளைகள். எனக்குப் பட்டுப் பாவாடை, கழுத்தை அறுக்கிற காசுமாலை.

வாசித்தேன். கனமாக ஒரு தட்டு, இலேசாக இரண்டு. கனமாக ஒன்று, இலேசாக இரண்டு. அதைக் கேட்டு நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. நெல் குத்துகிற மாதிரி இருந்திருக்கும். என் காதில் மட்டும் பிடில் முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்த நாலு கட்டம் வந்தது. கையை எடுத்து மடியில் வைத்தேன். எதையாவது அடித்து நிரப்பியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அது அவள் இடம். எண்ணினேன்.

ஹாலில் இருமல் கேட்டது. யாரோ சிரித்தீர்கள். யாரென்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். "வாசி கண்ணு, பயப்படாத" என்று அப்பாவின் குரல் வந்தது. என் கை அசையவில்லை. எண்ணி முடித்து, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து, கடைசிவரை வாசித்து எழுந்தேன். கலெக்டர் சம்சாரம் பாவப்பட்டுக் கை தட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினீர்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது குதிரை வண்டியில் அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. என் தலையைத் தடவி, "ஏன் கண்ணு, அந்தப் பாட்டு மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டு, அதை மெல்ல வாய்க்குள் பாடிக் காட்டினார். பிடிலின் பாட்டு, ஒரு சுரம் பிசகாமல். "இதுதானே? இதை வாசிச்சிருக்கலாமல்ல?" என் விரல்கள் தாமாகவே மடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரோடு போக ஆரம்பித்துவிட்டன. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அப்பா கடைசியில் ஒரு தீர்ப்பும் சொன்னார்: துணைக்கு ஆள் வைத்துப் பழகியதால்தான் எனக்குத் தனியாக வரவில்லை. இனி பிடில் வேண்டாம்.

அதோடு வியாழக்கிழமைகள் முடிந்தன. கார்டு வீட்டம்மா இன்னும் கொஞ்ச நாள் வந்தார். நான் மறுபடியும் பிசகினால் நிறுத்துகிறவளானேன். கார்டுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து அவரும் போய்விட்டார்.

விழா முடிந்த மறுவாரம் பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பார்த்தேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்லத் தோன்றியது, எதற்கு என்று எங்கே தொடங்குவது? அவள்தான் முதலில் கேட்டாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மணி, நடுவுல நிறுத்துனீங்களே, எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன்."

"நானும் பாயில ஒக்காந்து எண்ணிக்கிட்டுத்தான் இருந்தனுங்க. என்ற பாட்ட மனசுக்குள்ள வாசிச்சு முடிச்சேன், சரியா நீங்க வந்து சேந்துட்டீங்க."

தட்டை உதறிக்கொண்டு விடுதிப் பக்கம் போய்விட்டாள். பள்ளிப் படிப்பு முடிந்தபின் அவளை நான் பார்க்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் சுவரில்லாமல், நாங்கள் சேர்ந்து வாசித்தது அந்த நாலு கட்டம் மட்டும்தான்.